இடையறவும் இடைவிடுகையும்
‘இன்டர்மிட்டென்ட்’ என்னும் ஆங்கிலப் பெயரடை குறித்து ஓர் ஆய்வு

முன்னுரை

பிறமொழிச் சொல் ஒன்றின் பொருளறிய அகராதியைப் புரட்டும் மாணவர், அதற்கு நேராக ஒரு தமிழ்ச்சொல் கிடைத்தவுடன் மனநிறைவு கொண்டு நூலை மூடிவிடுகின்றனர். கிடைத்த சொல் அப்பொருளின் முழுமையைத் தாங்குகின்றதா, ஒரு பக்கத்தை மட்டும் காட்டுகின்றதா என்று எண்ணிப் பார்ப்போர் சிலரே. கதையிலும் கட்டுரையிலும் இக்குறை பெருந்தீங்கு விளைப்பதில்லை. மருந்துச்சீட்டிலும் அறிவியல் பாடத்திலும் அவ்வாறு விட்டுவிட இயலாது. ஆங்கிலத்தில் ஒரு நிகழ்ச்சி இடையில் நிற்பதைக் குறிக்கும் பெயரடைகள் பலவுள. அவற்றுள் ‘இன்டர்மிட்டென்ட்’ என்னும் சொல்லை ஈண்டு ஆய்வுக்கு எடுத்துக்கொள்கின்றோம். அதன் பிறப்பு, இலக்கணம், ஒத்த சொற்களினின்றும் அது வேறுபடும் முறை, பல துறைகளில் அது வழங்கும் வகை, அதற்கேற்ற தமிழாக்கம் ஆகியவற்றை இக்கட்டுரையில் ஒவ்வொன்றாகக் காண்போம்.

1. சொல்லின் பிறப்பு

இச்சொல் இலத்தீன் மொழியினின்றும் வந்தது. ‘இன்டர்’ என்பது ‘இடையே’ எனப் பொருள்படும் முன்னொட்டு. ‘மிட்டெரே’ என்பது வினை. அவ்வினைக்கு ‘அனுப்புதல்’, ‘போகவிடுதல்’, ‘கைவிடுதல்’ என்னும் பொருள்கள் உண்டு. மிஷன், மிஸைல், மெசேஜ், பெர்மிட், அட்மிட், ஒமிட், சப்மிட் முதலிய ஆங்கிலச் சொற்கள் அனைத்தும் இவ்வொரு வினையடியாகப் பிறந்த உடன்பிறப்புகளே. திரையரங்கில் நாம் ‘இடைவேளை’ எனக் கூறுவதை அமெரிக்கர் ‘இன்டர்மிஷன்’ என்பர். அதுவும் இக்குடும்பத்தைச் சார்ந்ததே. ‘இன்டர்மிட்டென்ட்’ என்னும் வடிவம் ஏறத்தாழ 1600ஆம் ஆண்டளவில் ஆங்கிலத்தில் வழக்கிற்கு வந்தது.

‘மிட்டெரே’ என்னும் இலத்தீன் வினையின் இருபெரும் பொருள்களும் தமிழில் ஒரே வினையில் அமைந்திருப்பது நம் உள்ளத்தை ஈர்க்கின்றது. அவ்வினை ‘விடு’ என்பதாகும். ‘கையை விடு’ என்னும்போது அது நீங்குதலைக் குறிக்கின்றது. ‘தூது விடு’ என்னும்போது அனுப்புதலைக் குறிக்கின்றது. மதுரைச் சொக்கநாதர்மீது பாடப்பெற்று, உ.வே. சாமிநாதையரால் 1930இல் பதிப்பிக்கப்பெற்ற ‘தமிழ்விடு தூது’ என்னும் நூற்பெயரில் ‘விடு’ என்பது ‘அனுப்பும்’ என்னும் பொருளிலேயே நிற்கின்றது. இலத்தீனும் தமிழும் ஒன்றுக்கொன்று உறவற்ற மொழிகள். எனினும் கையிலுள்ளதை விடுவதும் ஒன்றைப் போகவிடுவதும் ஒரே செயலின் இரு முகங்கள் என்பதை இருமொழியாரும் தத்தம் வழியில் கண்டிருக்கின்றனர். இவ்வொற்றுமை இக்கட்டுரையின் இறுதியில் நமக்குப் பெரிதும் பயன்படும்.

2. முறிவும் விடுகையும்

‘இன்டர்மிட்டென்ட்’ என்பதனோடு மாணவர் பெரிதும் மயங்குவது ‘இன்டரப்டட்’ என்னும் சொல்லோடு ஆகும். இரண்டிலும் முன்னொட்டு ஒன்றே. இரண்டும் இடையில் நிற்பதையே சுட்டுகின்றன. ஆயினும் வினையடி வேறு. ‘இன்டரப்டட்’ என்பது ‘ரும்பெரே’ என்னும் இலத்தீன் வினையடியாகப் பிறந்தது. அதன் பொருள் முறித்தல், உடைத்தல் என்பதாகும். எரிமலை வெடித்தலைக் குறிக்கும் ‘இரப்ஷன்’, திடீரென நிகழ்வதைக் குறிக்கும் ‘அப்ரப்ட்’, நேர்மை சிதைந்தமையைக் குறிக்கும் ‘கரப்ட்’ ஆகியவை இதன் இனம்.

வேர் மட்டுமன்றி, இலக்கண வடிவமும் வேறுபடுகின்றது. ‘இன்டர்மிட்டென்ட்’ என்பது இலத்தீனில் நிகழ்காலச் செய்வினைப் பெயரெச்ச வடிவம். தமிழில் ‘இடைவிடுகின்ற’ என்பதற்கு ஒப்பானது. ‘இன்டரப்டட்’ என்பதோ இறந்தகாலச் செயப்பாட்டுவினை வடிவம். ‘இடைமுறிக்கப்பட்ட’ என்பதற்கு ஒப்பானது. இவ்விரு வடிவங்களின் வேறுபாட்டில் பொருள் வேறுபாடு முழுவதும் அடங்கியிருக்கின்றது.

ஒரு சொற்பொழிவின் நடுவே ஒருவர் எழுந்து கூச்சலிட, பேச்சு நின்றுவிடுகின்றது. அது ‘இன்டரப்டட்’. அங்கே நிறுத்தியவர் ஒருவர் உளர், நின்றது ஒருமுறை, மீண்டும் தொடங்கும் என்னும் உறுதி இல்லை. மார்கழி மாதத்து மழை சற்றே பெய்து, சற்றே ஓய்ந்து, மீண்டும் பெய்கின்றது. அது ‘இன்டர்மிட்டென்ட்’. அங்கே நிறுத்துவார் எவருமிலர். ஓய்தல் அம்மழையின் இயல்பு. ஓய்வுக்குப்பின் மீண்டும் வருதலும் அதன் இயல்பு. ஆகவே ‘நிற்றல்’ என்பது மட்டுமே இச்சொல்லின் பொருளாகாது. ‘நின்று மீளுதல்’ என்பதே முழுப்பொருள். மீளுதலை விட்டுவிட்டு நிற்றலை மட்டும் மொழிபெயர்ப்பின் பாதிப்பொருளை இழந்தவராவோம்.

3. இலக்கணமும் வழக்கும்

இப்பெயரடை, பெயருக்கு முன்னும் வரும், பயனிலையாகவும் நிற்கும். ‘இன்டர்மிட்டென்ட் ரெயின்’ என்பது முன்னதற்கும், ‘தி ரெயின் வாஸ் இன்டர்மிட்டென்ட்’ என்பது பின்னதற்கும் எடுத்துக்காட்டு. இதன் வினையடை ‘இன்டர்மிட்டென்ட்லி’. பெயர்ச்சொற்கள் ‘இன்டர்மிட்டென்ஸ்’, ‘இன்டர்மிட்டென்சி’ என்பன. வினையாகிய ‘இன்டர்மிட்’ இன்று அருகியே வழங்குகின்றது. மழை, காய்ச்சல், வலி, ஒலி, ஒளி, மின்னோட்டம், பழுது போன்று காலத்தில் நிகழ்வனவற்றோடு இப்பெயரடை இயைந்து வரும். மரம், மேசை போன்ற பொருட்பெயர்களோடு பொருந்தி வருதல் அரிது.

ஓசையால் மயக்கம் தரும் சொல் ஒன்றையும் இங்கே சுட்டுதல் வேண்டும். ‘இன்டர்மினபிள்’ என்பது ‘முடிவே இல்லாத’ எனப் பொருள்படும். அது ‘இன்’ என்னும் எதிர்மறை முன்னொட்டும், எல்லையைக் குறிக்கும் ‘டெர்மினஸ்’ என்பதன் அடியும் சேர்ந்தது. ‘இன்டர்’ என்பதற்கு அதில் இடமே இல்லை. எனவே ‘இன்டர்மிட்டென்ட்’ மழை விட்டுவிட்டுப் பெய்யும். ‘இன்டர்மினபிள்’ மழை விடவே விடாது. தேர்வுத்தாளில் இவ்விரண்டையும் மாற்றி எழுதுவோர் பொருளைத் தலைகீழாக்கிவிடுகின்றனர்.

4. ஒத்த சொற்களின் வேறுபாடு

இனி, இச்சொல்லின் அண்டைவீட்டார் சிலரைக் காண்போம்.

‘பீரியாடிக்’ என்பது வரையறுத்த கால அளவில் முறைதவறாது வருவதைச் சுட்டும். ‘இன்டர்மிட்டென்ட்’ என்பதற்கு அவ்வரையறை கட்டாயமன்று. இடைவெளி ஒரே அளவாகவும் இருக்கலாம், முன்பின்னாகவும் இருக்கலாம்.

‘ஸ்பொராடிக்’ என்பது சிதறிக் கிடப்பதைக் கூறும். கிரேக்க மொழியில் விதையைத் தூவுதல் என்னும் கருத்தோடு தொடர்புடைய சொல் அது. ஆங்காங்கே, எப்போதோ நிகழ்வது அதன் பொருள். விட்டு வருவனவற்றுக்கிடையே ஒரு தொடர்ச்சியை ‘இன்டர்மிட்டென்ட்’ உணர்த்தும். ‘ஸ்பொராடிக்’ அதனை உணர்த்தாது.

‘கன்டினியுவஸ்’ என்பது சிறிதும் இடைவெளியின்றித் தொடர்வது. ‘கன்டினியுவல்’ என்பது அடிக்கடி திரும்பத் திரும்ப நிகழ்வது. முன்னது ‘இன்டர்மிட்டென்ட்’ என்பதற்கு நேர் எதிர்ச்சொல். பின்னது அதற்கு அண்மையது. எனினும் இடைவெளியைப் பெரிதாகக் கருதாது.

‘ரெமிட்டென்ட்’ என்பது இக்குடும்பத்தில் ஒரு சிறப்புச்சொல். ‘ரீ’ என்னும் முன்னொட்டு ‘பின்’ எனப் பொருள்படும். பின்வாங்கித் தணிதல் இதன் கருத்து. தணிதல் வேறு, விடுதல் வேறு. இவ்வேறுபாடு உயிரோடு தொடர்புடையது என்பதை அடுத்த பகுதியில் காண்போம்.

5. மருத்துவத்தில் இச்சொல்

‘இன்டர்மிட்டென்ட்’ என்னும் சொல் நெடுங்காலமாகக் காய்ச்சலோடு இணைந்தே வழங்கி வந்திருக்கின்றது. மருத்துவர் காய்ச்சலின் போக்கை மூன்றாகப் பகுத்தனர். நாள் முழுதும் ஏறத்தாழ ஒரே நிலையில் நிற்பது தொடர்காய்ச்சல். ஏறியும் தணிந்தும் வந்து, ஆயினும் இயல்பான உடற்சூட்டைத் தொடாதது ‘ரெமிட்டென்ட்’ காய்ச்சல். முற்றிலும் இறங்கி இயல்புநிலையைத் தொட்டு, பின்னர் மீண்டும் ஏறுவது ‘இன்டர்மிட்டென்ட்’ காய்ச்சல். மலேரியா இம்மூன்றாம் வகைக்குப் பெயர்பெற்றது.

மலேரியாக் காய்ச்சலை ஐரோப்பியர் ‘டெர்ஷன்’ என்றும் ‘குவார்ட்டன்’ என்றும் பிரித்தனர். முன்னது ‘மூன்றாம் நாள்’ காய்ச்சல். பின்னது ‘நான்காம் நாள்’ காய்ச்சல். ஆயினும் முன்னது 48 மணி நேரத்துக்கு ஒருமுறையும், பின்னது 72 மணி நேரத்துக்கு ஒருமுறையும் வருவன. இரண்டு நாளுக்கொருமுறை வருவதை ‘மூன்றாம் நாள்’ என்பானேன் என்று மாணவர் வினவுவர். காய்ச்சல் கண்ட நாளையும் சேர்த்து எண்ணுவது உரோமர் வழக்கம். திங்களன்று கண்ட காய்ச்சல் புதனன்று வருமாயின், திங்கள், செவ்வாய், புதன் என அது மூன்றாம் நாளாகின்றது.

இவ்வெண்ணும் முறை உரோமர்க்கு மட்டும் உரியதன்று. அரபு மருத்துவ நூலார் இவ்விரு காய்ச்சல்களையும் ‘ஃகிப்’ என்றும் ‘ரிப்உ’ என்றும் வழங்கினர். 980 முதல் 1037 வரை வாழ்ந்த இப்னு சீனா, தம் ‘அல்கானூன்’ என்னும் பெருநூலின் நான்காம் பகுதியில் காய்ச்சல்களை விரிவாக ஆராய்ந்தார். ‘ஃகிப்’ என்பது முதலில் ஒட்டகத்தோடு தொடர்புடைய சொல். ஒருநாள் நீரருந்தி, மறுநாள் விட்டு, அதற்கடுத்த நாள் மீண்டும் நீர்த்துறைக்கு வரும் ஒட்டகத்தின் முறையை அது குறித்தது. பாலைநிலத்தார் நோயின் வரவைத் தம் ஒட்டகத்தின் வரவால் பெயரிட்டனர். அச்சொல்லிலும் விடுதலும் மீளுதலும் ஒருங்கே அமைந்திருத்தலைக் காண்க.

காய்ச்சல் ஏன் விட்டுவிட்டு வருகின்றது என்பதற்கு விடை 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேதான் கிடைத்தது. 1880இல் அல்ஜீரியாவில் பணியாற்றிய பிரெஞ்சு மருத்துவர் லாவரான், நோயாளியின் குருதியில் மலேரியா ஒட்டுண்ணியைக் கண்டார். இத்தாலியராகிய கோல்ஜி, ஒட்டுண்ணிகள் சிவப்பணுக்களுள் பெருகி ஒருசேர வெளிப்படும் வேளையும் காய்ச்சல் ஏறும் வேளையும் ஒன்றே எனக் காட்டினார். 1897இல் செகந்தராபாத்தில் ரொனால்டு ராஸ், கொசுவின் உடலில் இவ்வொட்டுண்ணியின் வளர்நிலையைக் கண்டறிந்தார்.

இக்கண்டுபிடிப்புகளால் இச்சொல்லின் உட்பொருள் தெளிவாயிற்று. காய்ச்சல் விட்ட நாளில் நோய் விட்டுவிடவில்லை. அன்று ஒட்டுண்ணி சிவப்பணுவினுள் மறைந்து வளர்ந்துகொண்டிருக்கின்றது. வைவாக்ஸ் என்னும் வகையோ கல்லீரலிலும் உறங்கிக் கிடந்து, வாரங்களோ மாதங்களோ கழித்து மீண்டும் எழும் ஆற்றலுடையது. அதனால்தான் குருதியிலுள்ளதை அழிக்கும் மருந்தோடு, கல்லீரலில் உறங்குவதை அழிக்கும் மருந்தையும் மருத்துவர் தருகின்றனர்.

‘காய்ச்சல் விட்டது’ என்று மகிழ்ந்து மருந்தை நிறுத்திவிடுவோர் எத்தனை பேர்! ‘இன்டர்மிட்டென்ட் ஃபீவர்’ என்பதை ‘தடைப்பட்ட காய்ச்சல்’ என்று பெயர்த்தால், படிப்பவர் ஏதோ ஒன்று காய்ச்சலைத் தடுத்துவிட்டது என்றே கொள்வர். ‘நின்ற காய்ச்சல்’ எனின் நோயே தீர்ந்தது என்பர். ‘விட்டுவிட்டு வரும் காய்ச்சல்’ எனின், ‘இன்று விட்டது, நாளை வரும்’ என்னும் எச்சரிக்கை அச்சொல்லிலேயே ஒலிக்கும். சொல்லே காவலாக நிற்கும் இடம் இது. நடைமுறையில் எல்லா மலேரியாவும் பாடநூற் கணக்குப்படி வருவதில்லை என்பதையும் நினைவிற் கொள்ளல் வேண்டும். உயிர்க்கு இறுதி பயக்கவல்ல ஃபால்சிபாரம் வகையில் முறை பிறழ்ந்தும் காய்ச்சல் வரும். ஆகவே குருதிச் சோதனையே முடிவான சான்றாகும்.

மற்றொரு மருத்துவ வழக்கு ‘இன்டர்மிட்டென்ட் கிளாடிகேஷன்’ என்பது. ‘கிளாடிகேஷன்’ எனில் நொண்டுதல். நடக்கும்போது கெண்டைக்காலில் வலி தோன்றி, சற்று நின்றால் நீங்கி, மீண்டும் நடந்தால் மீண்டும் வரும் நிலை இது. காலுக்குக் குருதி கொண்டுசெல்லும் தமனி குறுகியமை இதற்குக் காரணம். ‘நின்றால் சரியாகிவிடுகின்றது’ என்று பலர் இதனைப் பொருட்படுத்துவதில்லை. வலிதான் நின்றது, தமனியின் குறுக்கம் நிற்கவில்லை.

6. ஆறும் காற்றும் பழுதும்

நிலநூலார் ஆறுகளை ஆண்டு முழுதும் ஓடுவன, ஆண்டில் சில திங்கள் ஓடிச் சில திங்கள் வறண்டு கிடப்பன, மழை பெய்தபோது மட்டும் ஓடுவன எனப் பகுப்பர். நடுவிலுள்ளதே ‘இன்டர்மிட்டென்ட்’ ஆறு. இறுதியிலுள்ளதற்குக் ‘காட்டாறு’ என்னும் அழகிய சொல் நம்மிடம் உண்டு. உலகின் ஆறுகளில், நீள அளவால் பாதிக்கு மேற்பட்டவை ஆண்டில் ஒருநாளேனும் ஓட்டம் நின்றுவிடுவன என்று 2021இல் வெளிவந்த ஓர் ஆய்வு மதிப்பிட்டது. வறண்ட ஆறு இறந்த ஆறன்று. அது நீரை விட்டிருக்கின்றது, மீண்டும் பெறும். மணலைத் தோண்டுவோரும் கரையை வளைப்போரும் இச்சொல்லின் பாதிப்பொருளை மட்டுமே அறிந்தவர் எனலாம்.

காற்றாலை மின்சாரத்தையும் கதிரவன் மின்சாரத்தையும் ‘இன்டர்மிட்டென்ட்’ என்பர். ஆரல்வாய்மொழிக் கணவாயை அடுத்த முப்பந்தலில் தென்மேற்குப் பருவத்தில் காற்றாலைகள் விரைந்து சுழல்கின்றன; பருவம் நீங்கியபின் தளர்கின்றன. இதனைத் ‘தடைப்பட்ட மின்சாரம்’ என எழுதினால் படிப்பவர் மின்தடை என்று கொள்வர். மின்தடை என்பது முறிவு. காற்றின் ஓய்வு என்பது இயல்பு. முறிவுக்குப் பழுதுபார்த்தல் தீர்வு. இயல்புக்குத் திட்டமிடலே தீர்வு. ஆனைமலைப் பகுதியிலுள்ள 400 மெகாவாட் காடம்பாறை நிலையத்தில், மின்சாரம் மிகும் வேளையில் நீரை மேலேற்றி வைத்துக் குறையும் வேளையில் அதனைக் கீழிறக்கி மின்சாரம் பெறுகின்றனர். விட்டுவிட்டு வருவதனோடு வாழக் கற்றலுக்கு இஃதோர் எடுத்துக்காட்டு.

பொறியியலார் கூறும் ‘இன்டர்மிட்டென்ட் ஃபால்ட்’ என்பதற்கு நம் மக்கள் நெடுநாள் முன்பே பெயர் சூட்டிவிட்டனர். வானொலிப் பெட்டி தட்டினால் பாடும், விட்டால் நிற்கும். ‘லூஸ் கான்டாக்ட்’ என்று பழுதுபார்ப்பவர் முடிவு கூறுவார். இப்பழுதே கண்டுபிடிக்க அரிது. பெட்டியைத் திறந்து பார்க்கும்போது அது செவ்வனே பாடிக்கொண்டிருக்கும்!

இவ்விடுகை எப்போதும் குறையன்று என்பதற்கும் சான்றுண்டு. சீருந்தின் முகப்புக் கண்ணாடியைத் துடைக்கும் துடைப்பான் முன்னர் இடைவிடாது இயங்கியது. சிறுதூறலில் அது ஓட்டுநர்க்கு இடர் தந்தது. அமெரிக்கராகிய ராபர்ட் கேர்ன்ஸ், மனிதக் கண் இமைத்து இமைத்து இயங்குவதை எண்ணி, விட்டுவிட்டு இயங்கும் துடைப்பானை அமைத்து 1964இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். இமையின் ஓய்வுதான் பார்வையைத் தருகின்றது. ஓயாது இமைக்கும் கண் எதனைக் காணும்?

7. தமிழாக்கம்

இச்சொல்லைத் தமிழிற் பெயர்ப்போர் ‘தடைப்பட்ட’, ‘இடையறுந்த’, ‘இடைவிட்ட’, ‘விட்டுவிட்டு’ எனப் பலவாறு எழுதுகின்றனர். இவற்றை நிறுத்துப் பார்ப்போம்.

‘தடைப்பட்ட’ என்பது தடுத்த ஒன்றை உள்ளடக்கியது, ஆகவே பொருந்தாது. ‘இடையறுந்த’ என்பதில் ‘அறு’ நிற்கின்றது. அறுந்த நூல் தானே சேராது. அது ‘ரும்பெரே’ என்னும் வேருக்கு ஏற்றது. எனவே ‘இன்டரப்டட்’ என்பதற்கு உரியது. ‘இடைவிட்ட’ என்பதில் ‘விடு’ நிற்கின்றது. வேர்ப்பொருள் முற்றும் பொருந்துகின்றது. ஆயினும் இறந்தகாலப் பெயரெச்சமாதலின், ஒருமுறை விட்டதோடு முடிந்தது என்னும் எண்ணத்தைத் தரக்கூடும். ‘விட்டுவிட்டு’ என்பதில் அக்குறையும் நீங்குகின்றது. வினையெச்சம் அடுக்கி வருவதால், விடுதல் பன்முறை நிகழ்தலும், ஒவ்வொரு விடுகைக்குப் பின்னும் மீண்டு வருதலும் தாமே பெறப்படுகின்றன. இலத்தீன் முன்னொட்டால் உணர்த்தியதைத் தமிழ் அடுக்குத்தொடரால் உணர்த்துகின்றது.

இதனினும் சுருங்கிய சொல்லும் நம் முன்னோரிடம் இருந்தது. ‘முறைக்காய்ச்சல்’ என்பது அது. முறைவைத்து நீர் பாய்ச்சுதல் போல முறைவைத்து வரும் காய்ச்சல். நாம் மேலே கண்டபடி, இது ‘பீரியாடிக்’ என்னும் கருத்தையும் உடன்கொண்டது. ஆகவே கால ஒழுங்குடைய காய்ச்சலுக்கு ‘முறைக்காய்ச்சல்’ என்றும், ஒழுங்கு நோக்காது பொதுவாகக் கூறுமிடத்து ‘விட்டுவிட்டு வரும் காய்ச்சல்’ என்றும் வழங்கலாம். 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன், மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தும் நூல்களாக்கியும் தந்தவர். மருத்துவத்துக்குத் தமிழ் போதாது என்போர்க்கு அவர் பணியே விடையாகும்.

இன்று பெருகிவரும் ‘இன்டர்மிட்டென்ட் ஃபாஸ்டிங்’ என்னும் உணவுமுறைக்கும் பெயர் காணல் வேண்டும். ‘இடையறுந்த நோன்பு’ எனின் பொருள் முற்றும் கெடும். நோன்பு முறிதல் வேறு, நோன்பு திறத்தல் வேறு என்பதை நம் ஊர்ச் சிறுவரும் அறிவர். உரிய நேரத்துக்கு முன் உண்டால் நோன்பு முறிகின்றது. உரிய நேரத்தில் உண்டால் திறக்கின்றது. ஆங்கிலமோ இரண்டுக்கும் ‘பிரேக்’ என்னும் ஒரு வினையையே ஆள்கின்றது. தமிழ் முஸ்லிம்களின் வழக்கு இங்கே ஆங்கிலத்தினும் நுண்ணியதாக விளங்குகின்றது. இவ்வுணவுமுறையில் உண்ணாமை முறிவதில்லை. உண்ணலும் உண்ணாமையும் மாறிமாறி வருகின்றன. எனவே ‘விட்டுவிட்டு உண்ணாதிருத்தல்’ என்பதே தகும். சமயக் கடமையாகிய நோன்பினின்றும் இதனைப் பிரித்துணரவும் அச்சொல் துணைசெய்யும்.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால், ‘இன்டரப்டட்’ முறிவைச் சொல்வது, ‘இன்டர்மிட்டென்ட்’ விடுகையைச் சொல்வது என்பது பெறப்படும். முறிவுக்கு ‘அறு’, விடுகைக்கு ‘விடு’ என இரு வினைகளும் தமிழில் ஆயத்தமாக உள்ளன. புதுச்சொல் படைக்கும் தேவை ஈண்டு எழவில்லை. இருக்கும் சொல்லை உரிய இடத்தில் அமர்த்துதலே தேவை. நாளை மருந்தகத்திலோ, மருத்துவமனையிலோ, செய்தித்தாள் அலுவலகத்திலோ பணியாற்றப்போகும் நம் மாணவர், ஆங்கிலச் சொல்லொன்றைத் தமிழாக்கும் முன் ‘இது நின்றுவிட்டதா, விட்டிருக்கின்றதா?’ என்று ஒருமுறை வினவிக்கொள்வாராக. காய்ச்சல் விட்ட நாளில் மருந்துக் குப்பியைத் தூக்கி எறிய ஓங்கும் ஒரு கையை அவ்வினா தடுத்து நிறுத்தக்கூடும்.